முழு கோதுமை பிரெட்டும் வெள்ளை பிரெட்டும் சர்க்கரையை ஒரே அளவு ஏற்றுகிறதென்றால், சத்தில் வித்தியாசம் எங்கே?

#1 நார்க்கணக்கு

வணக்கம். கிளைசெமிக் இண்டெக்ஸுக்கான (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவுகோல்) 2008 பன்னாட்டு அட்டவணையில், குளுக்கோஸை 100 என்று வைத்தால் வெள்ளைக் கோதுமை பிரெட்டின் சராசரி 75, முழு கோதுமை பிரெட்டின் சராசரி 74. ஒரே ஒரு புள்ளிதான் இடைவெளி. கலோரியிலும் பெரிய மாற்றம் இல்லை, 100 கிராமுக்கு இரண்டுமே 250 முதல் 265 வரை.

இதை வைத்துக்கொண்டு "எந்த பிரெட்டைத் தின்றாலும் ஒன்றுதான்" என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு சரிதானா என்பதே என் கேள்வி. தவிடு சேர்ந்தும் சர்க்கரை ஏன் வேகமாக ஏறுகிறது? சத்தில் உண்மையான வேறுபாடு எவ்வளவு? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 திரிகைக்கல்

முதல் கேள்விக்கான பதில் அரைப்பில் இருக்கிறது.

ஒரு கோதுமை மணியின் எடையில் தவிடு சுமார் 14 சதவீதம், முளைக்கரு 3 சதவீதத்துக்குள். மீதி 83 சதவீதமும் மாவுப்பகுதி. மணி உடையாமல் இருந்தால், ஸ்டார்ச் துகள்கள் செல்சுவருக்குள் பூட்டிக் கிடக்கும். செரிமான நொதி அந்தச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நைசாக அரைக்கும்போது சுவர் கிழிந்துவிடுகிறது. அதன்பிறகு அதே மாவில் தவிடு இருந்தாலும் அது ஸ்டார்ச்சுக்குப் பக்கத்தில் கிடக்கும் தூள்தான், அதைச் சுற்றியிருக்கும் வேலி இல்லை. ஈரத்தோடு ஓவனில் வெந்ததும் ஸ்டார்ச் முழுக்க வெந்து குழைந்துவிடுகிறது, நொதிக்கு இன்னும் சுலபம். வெள்ளை பிரெட்டுக்கும் இதேதான் நடக்கிறது. எனவே 75க்கும் 74க்கும் நடுவில் ஒரு புள்ளி என்பதில் ஆச்சரியமில்லை.

அதே அட்டவணையில் சற்றுத் தள்ளிப் பாருங்கள்: மணிகள் சேர்த்த சிறப்பு பிரெட் வகைகளின் சராசரி 53. அங்கே மணி உடையாமல் அல்லது அரைகுறையாக உடைந்து இருக்கிறது. ஆகவே "முழுதானியம்" என்ற சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் குணங்கள் ஒளிந்திருக்கின்றன. மணியின் எல்லாப் பாகமும் இருக்கிறதா என்பது ஒன்று, மணியின் கட்டமைப்பு மிஞ்சியிருக்கிறதா என்பது மற்றொன்று. சத்து முதலாவதைப் பொறுத்தது. சர்க்கரை ஏறும் வேகம் இரண்டாவதைப் பொறுத்தது. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

#3 சத்தளவை

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். 100 கிராம் மாவுக்கு, வெளியிலிருந்து சத்து எதுவும் சேர்க்காத நிலையில்:

நார்ச்சத்து: முழு கோதுமை மாவில் சுமார் 10.7 கிராம், மைதாவில் 2.7 கிராம்.
மெக்னீசியம்: 137 மி.கி., மைதாவில் 22 மி.கி.
துத்தநாகம்: 2.6 மி.கி., மைதாவில் 0.7 மி.கி.
இரும்பு: 3.6 மி.கி., மைதாவில் 1.2 மி.கி.
புரதம்: 13 கிராம், மைதாவில் 10 கிராம்.

மெக்னீசியத்தைக் கவனியுங்கள். ஆறில் ஐந்து பங்கு போய்விடுகிறது. தவிட்டுக்கும் மாவுப்பகுதிக்கும் நடுவே அலூரோன் என்ற ஓரடுக்குப் படலம் இருக்கிறது. தாதுக்களும் பி வைட்டமின்களும் அதிகம் குவிந்திருப்பது அங்கேதான். ரோலர் ஆலையில் தவிடு பிரியும்போது அலூரோனும் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. வைட்டமின் ஈ பெரும்பாலும் முளைக்கருவின் எண்ணெயில் இருப்பது, அதுவும் போகிறது.

புரதத்தில் மூன்று கிராம் கூடுதல் என்று மகிழ வேண்டாம். கோதுமைப் புரதத்தில் லைசின் (உடலுக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய ஒரு அமினோ அமிலம்) குறைவு, அந்தக் குறை முழு கோதுமையிலும் உண்டு (கரு இருப்பதால் சற்றே பரவாயில்லை). பருப்பு, பயறு, முட்டை, பால் இவற்றில் ஏதாவது ஒன்றோடு சாப்பிட்டால்தான் ஈடாகும்.

ஆகவே #1க்கு நேரடி பதில்: கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பது ஒரே ஒரு அளவுகோல். நார்ச்சத்தையும் மெக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் அது அளப்பதே இல்லை. தராசில் நீளம் பார்க்க முடியாது.

#4 கேள்விக்குறி

அப்போ கடையில கலர் பார்த்து வாங்குறது சரியா? பழுப்பா இருந்தா தவிடு இருக்குன்னு அர்த்தம்தானே? "மல்டிகிரெயின்"னு போட்டிருந்தா இன்னும் நல்லதா?

#5 திரிகைக்கல்

நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல் நிறம், வறுத்த மால்ட் தூள், வெல்லப்பாகு எது சேர்ந்தாலும் மைதா பிரெட் பழுப்பாகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: வெள்ளைத் தோல் கோதுமை ரகத்தில் செய்த முழு கோதுமை பிரெட் வெளிறித்தான் இருக்கும், ஆனால் சத்து முழுமையாக இருக்கும்.

"மல்டிகிரெயின்" என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட தானியம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஐந்து தானியமும் தவிடு நீக்கியதாக இருக்கலாம். "கோதுமை மாவு" என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது மைதாதான். "முழு" என்ற சொல் மாவின் பெயரோடு ஒட்டி, பொருள்பட்டியலில் முதல் இடத்தில் இருக்க வேண்டும்.

பட்டியல் எடை வாரியாக இறங்குவரிசையில் போகும். அதில் உப்பைத் தேடுங்கள். பிரெட்டில் உப்பு பொதுவாக மாவு எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரைதான். உப்புக்குப் பின்னால் "ராகி, ஓட்ஸ், ஆளிவிதை" என்று வந்தால், அவை ஒவ்வொன்றும் அந்த 2 சதவீதத்துக்கும் கீழே. அட்டையில் கதிர் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு சிட்டிகைதான்.

சட்ட வரையறைகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்காவில் 1999இல் அனுமதித்த உடல்நல வாசகத்துக்கு எடையில் 51 சதவீதம் முழுதானியம் வேண்டும். ஆகவே "முழுதானியத்தால் ஆனது" என்ற வாசகம் வேறு, "100 சதவீதம் முழு கோதுமை" என்ற வாசகம் வேறு.

#6 பகுப்பாய்வன்

லேபிளில் முழு மாவின் சதவீதம் போடாத இடத்தில் நார்ச்சத்திலிருந்தே கணக்கிடலாம். 500 கிராம் மாவிலிருந்து வெந்த பிறகு சுமார் 800 கிராம் பிரெட் வரும். முழு கோதுமை என்றால் 53 கிராம் நார், அதாவது 100 கிராம் பிரெட்டுக்கு 6.7 கிராம். மைதா என்றால் 13.5 கிராம் நார், 100 கிராமுக்கு 1.7. இடைவெளி 5 கிராம். எனவே:

(லேபிளில் உள்ள நார்ச்சத்து − 1.7) ÷ 5 × 100 = முழு மாவின் தோராயச் சதவீதம்.

லேபிளில் 3.2 கிராம் என்றால் (3.2 − 1.7) ÷ 5 = 0.3. மாவில் 30 சதவீதம்தான் முழு கோதுமை. ஐரோப்பிய விதிப்படி 100 கிராமில் 3 கிராம் நார் இருந்தாலே "நார்ச்சத்து கொண்டது" என்றும், 6 கிராம் இருந்தால் "நார்ச்சத்து மிகுந்தது" என்றும் எழுதலாம். அப்படியானால் முதல் வாசகத்தைப் போட கால் பங்குக்குச் சற்று மேல் முழு மாவு போதும் என்றாகிறது.

#7 சத்தளவை

பகுப்பாய்வன், கணக்கு நல்ல கணக்கு. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும்.

முதலாவது, கடை வெள்ளை பிரெட் பலவற்றின் லேபிளில் 2.3 முதல் 2.7 வரை இருக்கும். ஆய்வக முறை மாறும்போது செரிக்காத ஸ்டார்ச்சும் நார்க்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பிரெட்டின் ஈரப்பதமும் ஒன்றுபோல இருக்காது. எனவே உங்கள் விடையில் 10 முதல் 20 சதவீதப் புள்ளி வரை முன்பின் இருக்கும் என்றே எடுக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். இன்யுலின், ஓட்ஸ் நார், செல்லுலோஸ், மாற்று ஸ்டார்ச் போன்றவற்றைத் தனியே சேர்த்தால் நார் 8, 10 என்று ஏறும். மெக்னீசியமும் துத்தநாகமும் அதோடு வராது. பொருள்பட்டியலில் இவை இருந்தால் சூத்திரத்தைக் கைவிட்டுவிடுங்கள். பிரித்தெடுத்த நாரைச் சேர்த்தது முழுதானியம் ஆகாது.

#8 பகுப்பாய்வன்

ஏற்கிறேன். சூத்திரம் வெளிநார் சேர்க்காத கோதுமை பிரெட்டுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

#9 அரிச்சுவடி

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஒப்பிட்டது சத்து சேர்க்காத மைதாவை. பல நாடுகளில் மைதாவில் சத்து திரும்பச் சேர்ப்பது கட்டாயம். அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல் செறிவூட்டிய தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள். குழந்தைகளின் நரம்புக்குழாய்க் குறைபாட்டை (மூளை, முதுகுத்தண்டு சரியாக உருவாகாத பிறவிக் குறை) தடுப்பதே நோக்கம். முழு கோதுமை மாவில் இயற்கையாக இருக்கும் ஃபோலேட் 40 சொச்சம் மைக்ரோகிராம்தான். பிரிட்டனின் 1998 விதிகளில் கால்சியம், இரும்பு, பி வைட்டமின்களான தயமின், நியாசின் நான்கும் மாவில் சேர வேண்டும், ஆனால் முழு மாவுக்கு அதிலிருந்து விலக்கு. 100 கிராமுக்குக் குறைந்தது 235 மி.கி. கால்சியம் கார்பனேட், அதாவது சுமார் 94 மி.கி. கால்சியம் சேர்த்த வெள்ளை மாவோடு ஒப்பிட்டால், முழு மாவின் 34 மி.கி. குறைவுதான்.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முழு கோதுமைக்கு மாறினால் ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன மாத்திரை வழியாகக் கட்டாயம் எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "முழுதானியம்தான் எல்லாவற்றிலும் மேல்" என்று எழுதுவது ஆபத்து.

#10 சத்தளவை

அரிச்சுவடி சொல்வது முழுக்கச் சரி, நான் விட்டிருக்கக் கூடாது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: செறிவூட்டல் திருப்பிக் கொடுப்பது நான்கைந்து சத்துகளை. நார், மெக்னீசியம், துத்தநாகம், பி6, வைட்டமின் ஈ ஆகியவை பொதுவாகத் திரும்பி வருவதில்லை.

#11 கேள்விக்குறி

ஃபைட்டிக் அமிலம் பத்தி யாரும் பேசலையே? தவிட்டுல இருக்கிற அது இரும்பையும் ஜிங்கையும் பிடிச்சு வச்சுக்கும், அதனால முழு கோதுமையில சத்து இருந்தும் உடம்புல சேராதுன்னு படிச்சேன். உண்மையா?

#12 அரிச்சுவடி

பாதி உண்மை, கவனிக்க வேண்டிய பாதி. 1961இல் ஆனந்த பிரசாத் குழுவினர் ஈரானின் ஷிராஸ் பகுதியில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் உணவில் பெரும்பகுதி புளிக்க வைக்காத முழு கோதுமை ரொட்டி; மண் தின்னும் பழக்கமும் இருந்தது. மனிதரில் துத்தநாகக் குறைபாடு என்ற கருத்தே அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் நிலைபெற்றது. ஆகவே ஃபைட்டேட் (ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) கற்பனைப் பயம் இல்லை. ஆனால் அங்கே இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருந்தன: மாவு புளிக்கவில்லை, தட்டில் வேறு உணவும் மிகக் குறைவு.

கணக்காகப் பார்ப்போம். முழு கோதுமை மாவில் ஃபைட்டிக் அமிலம் 100 கிராமுக்கு 600 முதல் 1000 மி.கி. வரை மாறும், 800 என்று வைப்போம். அதன் மூலக்கூறு எடை 660, துத்தநாகத்தின் அணு எடை 65.4. 800 ÷ 660 = 1.21. 2.6 ÷ 65.4 = 0.04. ஃபைட்டிக் அமிலத்துக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள மூலக்கூறு எண்ணிக்கை விகிதம் 30. இந்த விகிதம் 15ஐத் தாண்டினால் துத்தநாகம் சேர்வது வெகுவாகக் குறையும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. ஆக, மாவில் உள்ள ஃபைட்டேட்டில் பாதியையாவது சிதைத்தால்தான் அந்த 2.6 மி.கி. துத்தநாகத்துக்கு மதிப்பு.

சிதைப்பது யார் வேலை? கோதுமையிலேயே இருக்கும் ஃபைட்டேஸ் நொதியின் வேலை. அதற்கு ஈரம், நேரம், சரியான அமிலத்தன்மை மூன்றும் வேண்டும். இதை மாவு பிசைபவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#13 பொங்குமாவு

விளக்குகிறேன். கோதுமை ஃபைட்டேஸுக்குப் பிடித்த பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 5க்கும் 5.5க்கும் நடுவில். முழு கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்தவுடன் பிஎச் 6க்கு மேல் இருக்கும். வெறும் ஈஸ்டில் ஒரு மணி நேரம் பொங்கவிட்டு வேகவைத்தால், பிஎச் போதுமான அளவு இறங்குவதற்குள் மாவு ஓவனுக்குப் போய்விடும். புளிமாவு (சவர்டோ) சேர்த்தால் பிஎச் 5.5க்கு விரைவில் இறங்கும். ஃபைட்டேட்டில் பாதிக்கு மேல் உடைந்துவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "புளிப்பு அதிகமானால் நல்லது" என்று மாவை மிகவும் புளிக்கவிடுகிறார்கள். பிஎச் 4.5க்குக் கீழே போனால் நொதியின் வேகம் தளர்ந்துவிடும், மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனும் நைந்து பிரெட் தட்டையாகும். கடும் புளிப்பு தேவையில்லை, மிதமான புளிப்பில் நேரம் தருவதே போதும்.

சோடா, பேக்கிங் பவுடர் போட்டு உடனே வேகவைக்கும் பிரெட்டில் இது எதுவும் நடக்காது. நேரமும் இல்லை, சோடா மாவின் அமிலத்தன்மையையும் போக்கிவிடும். முழு கோதுமையில் செய்தாலும் ஃபைட்டேட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாவில் பால் அல்லது கால்சியம் நிறைய சேர்த்தாலும் ஃபைட்டேட் உடைவது மந்தமாகும். கால்சியம் வேண்டுமானால் பிரெட்டோடு சாப்பிடும் உணவிலிருந்து எடுங்கள்.

ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவில் ஃபைட்டேஸ் கோதுமையைவிட அதிகம். முழு கோதுமை மாவில் 10 சதவீதம் ரை கலந்தால் வேலை வேகமாகும், சுவையும் கூடும்.

#14 சத்தளவை

இரும்புக்கு ஒரு தனி எச்சரிக்கை. இரும்பைப் பொறுத்தவரை ஃபைட்டேட் கொஞ்சம் மிஞ்சினாலும் தடுப்பு வலுவாகவே இருக்கும். பாதி உடைத்தால் துத்தநாகத்துக்குக் கிடைக்கும் பலன் இரும்புக்கு அதே அளவு கிடைக்காது. அதற்கு வேறு வழி: அதே வேளையில் வைட்டமின் சி. சுமார் 50 மி.கி. தரும் பழமோ காயோ பக்கத்தில் இருந்தால் தடுப்பு பெரிதும் விலகும். தேநீர், காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பட்டியலில் "அஸ்கார்பிக் அமிலம்" என்று இருப்பதை வைட்டமின் சி என்று எண்ணி நிம்மதியாக வேண்டாம். அது மாவுக்கு வலு சேர்க்கப் போடுவது, ஓவன் சூட்டில் அழிந்துவிடும்.

#15 நார்க்கணக்கு

பொங்குமாவு, வீட்டில் செய்யக்கூடிய ஒரு அளவைக் கிராம் கணக்கில் கொடுக்க முடியுமா? சத்துக் கணக்கும் சேர்த்து.

#16 பொங்குமாவு

இதோ. 23 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகல டின்னுக்கு.

முந்தின இரவு: முழு கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 100 கிராம், பழுத்த புளிமாவு 20 கிராம். கலந்து 26 முதல் 28 டிகிரியில் 8 மணி நேரம். மேலே குமிழ் நிறைந்து நடுப்பகுதி இறங்கத் தொடங்கும் தறுவாயில் எடுக்க வேண்டும்.

காலையில்: முழு கோதுமை மாவு 400 கிராமை 290 கிராம் தண்ணீரில் கலந்து, உப்பும் ஈஸ்டும் இல்லாமல் 1 மணி நேரம் மூடி வையுங்கள். இந்த ஊறல் மிக முக்கியம். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஊறாத தவிட்டின் கூர்மையான விளிம்பு குளூட்டன் இழையை அறுத்துவிடும். முழு கோதுமை பிரெட் செங்கல் மாதிரி வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

பிறகு இரவுக் கலவை, உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம் சேர்த்து 8 நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும்; ஒட்டட்டும். மேலும் மாவு தூவி இறுக்கினால் வறண்ட பிரெட்தான் கிடைக்கும். மொத்த மாவு 510, மொத்தத் தண்ணீர் 400, அதாவது 78 சதவீதம். மைதாவுக்கு 62 முதல் 65 போதும், முழு மாவுக்கு இந்த அளவு வேண்டும்.

28 டிகிரியில் 2 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை என மூன்று தடவை மடிப்பு. உருட்டி டின்னில் வைத்து 50 முதல் 70 நிமிடம். இரண்டு மடங்காகும் வரை காத்திருக்காதீர்கள். முழு மாவில் நொதியும் ஈஸ்டுக்கான தீனியும் அதிகம், வேகமாகப் பொங்கி வேகமாகவே தளரும். முக்கால் பங்கு உயர்ந்ததும் ஓவனுக்குள் போக வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் நிரம்பும் பதம்.

220 டிகிரியில் 15 நிமிடம், 190இல் 25 முதல் 30 நிமிடம். நடுப்பகுதியின் சூடு 96 டிகிரி தொட வேண்டும். டின்னிலிருந்து எடுத்து கம்பித்தட்டில் 3 மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். வேகவில்லை என்று தவறாக நினைத்து அடுத்த முறை கருக்கிவிடுவீர்கள்.

சத்துக் கணக்கு: மாவுக் கலவை 919 கிராம், வெந்தால் சுமார் 12 சதவீதம் குறைந்து 810 கிராம். 40 கிராம் வீதம் 20 துண்டு. ஒரு துண்டுக்கு நார் 2.7 கிராம், மெக்னீசியம் சுமார் 35 மி.கி., உப்பு 0.35 கிராம்.

#17 கேள்விக்குறி

மேலே உடைச்சுக்கிட்டு உள்ளே பெரிய ஓட்டை வந்தா என்ன காரணம்? அடுத்தது, சர்க்கரை மெதுவா ஏறணும்னா இந்த அளவுலயே முழு மணி சேர்க்கலாமா?

#18 பொங்குமாவு

பக்கவாட்டில் கிழிந்து உடைந்தால் கடைசிப் பொங்கல் போதவில்லை. மேல்தோலுக்கு அடியில் நீளமான பொந்து விழுந்து நடு தாழ்ந்திருந்தால் பொங்கல் மிஞ்சிவிட்டது. உருட்டும்போது காற்றை வெளியேற்றாமல் விட்டாலும் ஓட்டை வரும், ஆனால் அது அங்கங்கே சிதறி இருக்கும்.

முழு மணி சேர்க்கலாம். கோதுமை அல்லது ரை மணியை இரவு முழுக்க ஊறவைத்து, 40 நிமிடம் மெதுவாக வேகவைத்து, தண்ணீரை நன்றாக வடித்து ஆறிய பிறகு கடைசி மடிப்பில் சேருங்கள். பச்சையாகச் சேர்த்தால் மணி மாவிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், பல்லையும் பதம் பார்க்கும். இந்த டின்னுக்கு 150 கிராம் உலர் மணி தாங்கும். மாவில் 100 கிராமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

#19 திரிகைக்கல்

சர்க்கரை வேகம் தெளிவாகக் குறைய வேண்டுமென்றால் மணியின் பங்கு பெரிதாக இருக்க வேண்டும். சோதனைகளில் பாதி அல்லது அதற்கு மேல் மணியாக இருந்தபோதுதான் இறக்கம் நன்றாகத் தெரிந்தது. 150 கிராமில் ஓரளவு பலன். மேலே ஒரு பிடி தூவுவது அலங்காரம் மட்டுமே.

மாவு வைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முழு மாவில் முளைக்கரு எண்ணெய் இருக்கிறது. அரைத்த நிமிடத்திலிருந்து லிப்பேஸ் நொதி அதைச் சிதைக்கத் தொடங்கும். சூடான இடத்தில் சில வாரங்களில் கசப்பும் பழைய எண்ணெய் வாடையும் வரும், வைட்டமின் ஈயும் குறையும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும்.

#20 அரிச்சுவடி

நீண்டகாலப் பலன் பற்றிய ஆதாரத்தையும் இழையில் வைப்போம். 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வில், தினம் 90 கிராம் முழுதானியப் பொருள் சாப்பிட்டவர்களிடம் இதயத் தமனி நோய் 19 சதவீதமும் ஒட்டுமொத்த இறப்பு 17 சதவீதமும் குறைவாக இருந்தன. 2019இல் லான்செட்டில் வந்த ஆய்வில் தினம் 25 முதல் 29 கிராம் நார் என்ற அளவில் பலன் தெளிவாகத் தெரிந்தது. உலக சுகாதார அமைப்பும் 2023இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்று வைத்திருக்கிறது.

இவற்றில் பெரும்பகுதி மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். முழுதானியம் சாப்பிடுபவர் புகைப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். கணக்கில் இதைக் கழித்தாலும் முழுக்கக் கழியாது. எனவே 19 சதவீதமும் பிரெட்டால் வந்தது என்று எழுதுவது மிகை. ஆனால் நார் கூட்டிய கட்டுப்பாட்டுச் சோதனைகளிலும் எடை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் சற்று இறங்குகின்றன. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் எனக்கு நம்பிக்கை உண்டு.

கொழுப்பைக் குறைப்பதே நோக்கமென்றால் கோதுமையைவிட ஓட்ஸும் பார்லியும் மேல். அவற்றின் பீட்டா குளுக்கன் கரைந்து பிசுபிசுப்பாகும் நார். தினம் 3 கிராம் வேண்டும். கோதுமை நாரின் பெரும்பகுதி கரையாதது, மலச்சிக்கலுக்கு நல்லது.

#21 சத்தளவை

யாருக்கு ஆகாது என்பதையும் சேர்க்க வேண்டும். சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால் கோதுமை, ரை, பார்லி மூன்றும் கூடாது. புளிக்க வைத்ததால் குளூட்டன் போய்விடும் என்பது தவறான, ஆபத்தான நம்பிக்கை. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் ஃப்ரக்டான் என்ற, குடலில் நொதிக்கும் மாவுச்சத்து வகை. 4 மணி நேரத்துக்கு மேல் புளித்த கோதுமை பிரெட்டில் அது கணிசமாகக் குறையும், ரையில் தொடக்கத்திலேயே அதிகம். சிறுநீரக நோயாளிகள் பாஸ்பரஸ், பொட்டாசியம் கணக்கைத் தங்கள் உணவு ஆலோசகரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நார் மிகுந்த பிரெட்டை மட்டும் கொடுத்தால் சின்ன வயிறு நிறைந்துவிடும், கலோரி போதாமல் போகும்.

மற்றவர்கள் ஒரேயடியாக மாற வேண்டாம். வாரத்துக்கு ஒரு துண்டு என்று கூட்டுங்கள், தண்ணீரும் கூட வேண்டும். இல்லையென்றால் வயிற்று உப்புசம் வந்து பழியைப் பிரெட்டின் மேல் போடுவீர்கள்.

உப்பையும் மறக்காதீர்கள். கடை பிரெட்டில் 100 கிராமுக்கு 1.1 கிராம் உப்பு என்றால் 4 துண்டில், அதாவது 160 கிராமில், 1.8 கிராம். நாள் முழுவதுக்கும் உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லையே 5 கிராம். முழு கோதுமை என்பதால் உப்பு குறைவாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

#22 நார்க்கணக்கு

கடைசியாக ஒன்று. செய்த பிரெட்டை ஃப்ரீஸரில் வைத்து, வேண்டும்போது டோஸ்ட் செய்தால் சத்து போகுமா?

#23 பகுப்பாய்வன்

ஃப்ரீஸரில் தாதுவும் நாரும் அப்படியே இருக்கும். ஆறிய பிறகு துண்டு போட்டு, காற்றை வெளியேற்றிய பையில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம். 4 டிகிரி அருகில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகி பிரெட் காய்ந்த மாதிரி ஆகும். உறைந்து உருகி டோஸ்ட் ஆகும்போது ஸ்டார்ச்சில் ஒரு சிறு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறும். சர்க்கரை ஏற்றம் கொஞ்சம் தணியும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

டோஸ்டில் தயமின் ஓரளவு அழியும். அதைவிட நிறத்தைக் கவனியுங்கள். அக்ரிலமைடு (அதிகச் சூட்டில் கருகும்போது உருவாகும், உடலுக்கு ஆகாத பொருள்) உருவாக மூலமான அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் தவிட்டிலும் கருவிலும்தான் அதிகம். அதனால் அதே கருகலில் முழு கோதுமை டோஸ்டில் வெள்ளையைவிடக் கூடுதலாக வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 விதியில் மென்மையான கோதுமை பிரெட்டுக்கு வழிகாட்டி அளவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், மற்றவற்றுக்கு 100. ஈஸ்ட் நீண்ட நேரம் வேலை செய்தால் அஸ்பராஜினைத் தின்றுவிடும், ஆகவே #16இல் உள்ள நீண்ட பொங்கல் இதற்கும் உதவும். முழு மாவு பிரெட் ஏற்கனவே பழுப்பு என்பதால் டோஸ்ட் எப்போது நிறம் மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை பிரெட்டுக்கு வைக்கும் அளவைவிட டயலை ஒரு எண் குறைத்து வையுங்கள்.